இருபது வயது தாண்டிய சோட்டெர்ன்: எப்படித் திறப்பது, எப்படி ருசிப்பது?

பெங்களூர் ஃபிரேசர் டவுனில் இருக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது. பாரிஸில் வேலை பார்த்த அத்தான் பல வருஷங்களுக்கு முன் ஒரு அரை பாட்டில் தந்திருக்கிறார்: ஷாட்டோ ரியூசெக், சோட்டெர்ன், 2001. சோட்டெர்ன் என்பது பிரான்ஸின் போர்தோ பகுதியில் விளையும் ஒரு இனிப்பு ஒயின். ஷாட்டோ ரியூசெக் அதைச் செய்யும் தோட்டத்தின் பெயர், 2001 திராட்சை விளைந்த ஆண்டு. பாட்டில் துணி அலமாரியின் கீழ்த்தட்டில் படுத்தபடியே கிடந்திருக்கிறது. வந்தபோது பொன் நிறமாக இருந்தது இப்போது கருந்தேன் நிறமாகிவிட்டதாம். கெட்டுப்போய்விட்டதா, அப்பா அம்மாவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்குத் திறக்கலாமா, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் திராட்சை ஒயின் மாதிரி பிளம் கேக்கோடு கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நிறம் மாறியதற்காகக் கவலைப்பட வேண்டாம். இந்த வகை ஒயின் இளமையில் வெளிர் பொன்னாக இருக்கும், பத்து வருஷத்தில் அடர் பொன்னாகும், இருபது தாண்டினால் செம்பழுப்பை நோக்கி நகரும். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நிறம் எவ்வளவு அடர்ந்திருந்தாலும் உள்ளே ஒரு பளபளப்பு இருந்தால் பெரும்பாலும் நல்லபடியாகவே இருக்கும். சேற்றுத் தண்ணீர் போல மங்கிக் கிடந்தாலோ, கார்க்கைச் சுற்றிப் பிசுபிசுப்பாகக் கசிந்து கழுத்துக்குக் கீழே ஒயின் நன்றாக இறங்கியிருந்தாலோதான் சந்தேகப்பட வேண்டும். அடியில் கண்ணாடித் துகள் போலச் சின்னப் படிகங்கள் தெரிந்தால் அது திராட்சையின் டார்டாரிக் அமிலம் படிந்தது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

உங்கள் அத்தான் கொடுத்தது சாதாரணப் பாட்டில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1855இல் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது ரியூசெக் முதல் தர வரிசையில் இடம் பெற்றது. அதன் தோட்டம், அந்த வரிசையில் எல்லோருக்கும் மேலே தனியாக வைக்கப்பட்ட ஷாட்டோ திக்கெம் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2001 சோட்டெர்ன் பகுதிக்கு மிகச் சிறந்த ஆண்டுகளில் ஒன்று. ‘ஒயின் ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகை 2004இல் அந்த வருஷத்தின் ஒயினாகத் தேர்ந்தெடுத்தது இதே ரியூசெக் 2001ஐத்தான். ஆகவே கேக்கை முழுங்குவதற்கான பானமாக இதைக் கொடுத்துவிடாதீர்கள். சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு தனியாக, சின்ன அளவில், எல்லோரும் உட்கார்ந்து கவனிக்கிற மாதிரி கொடுங்கள். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான்: இனிப்பை எல்லோராலும் உணர முடியும். இந்த ஒயினில் தேட வேண்டியது இனிப்பு இறங்கிய பிறகு வாயில் என்ன தங்குகிறது என்பதை.

வீட்டில் போடும் ஒயினோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள், அதிலிருந்தே தொடங்கலாம். பெங்களூர் புளூ திராட்சையைப் பிழிந்து, சர்க்கரையும் ஈஸ்டும் கொஞ்சம் கோதுமையும் போட்டு, பட்டை கிராம்பு சேர்த்துப் பரணியில் மூடி வைப்போம். அதன் இனிப்பில் பெரும்பங்கு நாம் போட்ட சர்க்கரை. அந்த ஒயினுக்கு அதற்கே உரிய அழகு உண்டு, கிறிஸ்துமஸ் காலையில் அதைத் தவிர வேறு எதுவும் எனக்கும் வேண்டாம். ஆனால் சோட்டெர்னில் இனிப்பு வந்து சேரும் வழியே வேறு. அது ஒரு பூஞ்சையின் வேலை.

போர்தோ நகருக்குத் தெற்கே, காட்டு நிழலில் குளிர்ந்து வரும் சிரோன் என்ற சிற்றாறு, அதைவிட வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கிறது. இலையுதிர் காலத்தில் அந்த இடத்தில் இரவும் விடியலும் பனிமூட்டம் எழும். பகலில் வெயில் வந்து அதைக் கலைத்துவிடும். அந்த ஈரத்தில் பொட்ரைட்டிஸ் சினெரியா என்ற பூஞ்சை பழுத்த திராட்சையில் பிடிக்கிறது. தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழுகின்றன, பகல் வெயிலில் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே ஆவியாகிறது. பழம் சுருங்கிச் சாம்பல் பூத்துப் பார்க்கவே அருவருப்பாக ஆகிவிடும். உள்ளே இருக்கும் சாறு மட்டும் கெட்டியாகி, இனிப்பும் புளிப்பும் சேர்ந்தே செறிந்திருக்கும். வெயில் வராமல் மழையே பிடித்துக்கொண்டால் அதே பூஞ்சை பழத்தை அழுக வைத்துவிடும். ஒரே கிருமி, வானிலையைப் பொறுத்து வரமாகவும் நாசமாகவும் ஆகிறது.

பூஞ்சை எல்லாப் பழத்திலும் ஒரே நாளில் பிடிக்காது. அதனால் பறிப்பவர்கள் ஒரே கொடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஒவ்வொரு முறையும் சரியாகச் சுருங்கிய பழங்களை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுப்போவார்கள். இது வாரக்கணக்கில் நடக்கும். திக்கெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின் என்று கணக்குச் சொல்வார்கள். தரம் அமையாத வருஷங்களில் அந்த ஷாட்டோ தன் பெயரில் அந்த இனிப்பு ஒயினை வெளியிடுவதே இல்லை. 1992இலும் 2012இலும் அப்படித்தான். விலை ஏன் அவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இந்த உழைப்பையும் இந்தத் துணிச்சலையும்தான் காட்டுவேன்.

இப்படி வரும் சாற்றில் சர்க்கரை மிக அதிகம். ஈஸ்ட் அதைச் சாப்பிட்டு ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டி வந்ததும் களைத்துவிடும். மீதிச் சர்க்கரை அப்படியே ஒயினில் தங்குகிறது, லிட்டருக்குச் சுமார் 120 முதல் 150 கிராம் வரை. கடையில் விற்கும் கோலாவில்கூட லிட்டருக்கு 106 கிராம் அளவுதான். ஆனால் நல்ல சோட்டெர்ன் வாயில் அந்தக் கனத்தோடு உட்காராது. கூடவே செறிந்த புளிப்பு அதைத் தூக்கி நிறுத்துகிறது. இளநீரில் சர்க்கரை போட்டால் திகட்டும், எலுமிச்சை ஜூஸில் அதே சர்க்கரை போட்டால் திகட்டாது, இல்லையா? அதே நியாயம்தான் இங்கேயும். நான் ஒரு இனிப்பு ஒயினை எடைபோடும்போது முதலில் பார்ப்பது இதைத்தான். விழுங்கியதும் நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊற வேண்டும். ஊறாமல் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றால் எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அது சுமாரான ஒயின்தான்.

சரி, திறப்பதற்கு வருவோம். விருந்துக்கு முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், படிவு அடியில் இறங்கும். ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, ஊற்றுவதற்குக் கால் மணியிலிருந்து இருபது நிமிஷம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜின் உள்ளே நாலைந்து டிகிரி இருக்கும், இந்த வயது ஒயினுக்கு 10இலிருந்து 12 டிகிரி வேண்டும். ஐஸ் போடவே கூடாது. குளிர் அதிகமானால் மணம் எழாது, கசப்பு மட்டும் முன்னால் வரும். ரொம்ப வெதுவெதுப்பானால் இனிப்பும் சாராய நெடியும் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். இருபது வருஷக் கார்க் உதிர்ந்துபோகும். திருகை நடுவில் நேராக இறக்கி, அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். உடைந்துவிட்டாலும் பரவாயில்லை. உடைந்த துண்டை உள்ளே தள்ளிவிட்டு, கழுவிக் காயவைத்த மெல்லிய மஸ்லின் துணியில் வடிகட்டி ஒரு ஜாடியில் ஊற்றிக்கொள்ளலாம். டீ வடிகட்டி வேண்டாம், எவ்வளவு தேய்த்தாலும் அதில் டீ மணம் போகாது.

கிளாஸ் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கச் சொல்வேன். ஷாட் கிளாஸில் ஊற்றினால் மணம் தங்க இடமே இல்லை. வாய் சற்றுக் குறுகிய சாதாரண ஒயின் கிளாஸ் போதும், அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே ஊற்றுங்கள். உங்கள் பாட்டிலில் 375 மில்லி இருக்கிறது. ஆளுக்கு 45 மில்லி என்றால் எட்டுப் பேருக்கு வரும். அது தாராளமான அளவுதான்.

ஊற்றியதும் உடனே சுழற்றாதீர்கள். முதலில் அசைக்காமல் ஒரு தடவை முகருங்கள். மெல்லிய மணங்கள் அப்போதுதான் மேலே மிதக்கும்: தேன், தேன்மெழுகு, சில சமயம் குங்குமப்பூ. பிறகு மெதுவாகச் சுழற்றி மறுபடி முகருங்கள். இப்போது கனமானவை எழும். உலர்ந்த ஆப்ரிகாட், கமலா ஆரஞ்சுத் தோல், நார்த்தங்காய், இஞ்சி முரப்பா, வறுத்த பருப்பு, பாகு கருகத் தொடங்கும்போது வரும் வாசனை. இதையெல்லாம் நீங்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒன்று மட்டும் கட்டாயம் தேடிப்பாருங்கள், ஏனென்றால் அது நம் சமையலறை மணம்: வெந்தயம்.

இது என் கற்பனை இல்லை. பூஞ்சை பிடித்த திராட்சையில் செய்த ஒயின் வயதாகும்போது அதில் சோட்டோலோன் என்ற சேர்மம் கூடுகிறது. வெந்தயத்தின் வாசனைக்கும் அதே சேர்மம்தான் காரணம். போர்ச்சுகலின் ஒயின்களான பழைய மதெய்ராவிலும் டானி போர்ட்டிலும் அது உண்டு. அளவு குறைவாக இருந்தால் கருகிய சர்க்கரை மாதிரி தோன்றும், கூடும்போது வறுத்த வெந்தயமாகவே தெரியும். வெளிநாட்டார் எழுதும் ருசிக் குறிப்புகளில் இதைக் கறிப்பொடி என்றோ, மேப்பிள் பாகு என்றோ எழுதுவார்கள். சாம்பார் பொடிக்கு வெந்தயம் வறுத்த கைக்கு அது இன்னும் துல்லியமாகப் பிடிபடும். நான் பெங்களூர் ஹோட்டல்களில் ஒயின் பரிமாறும் வேலையில் இருந்த காலத்தில், ஒயினே குடித்துப் பழகாத அம்மாக்கள் முதல் முகர்விலேயே “வெந்தயம்” என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பயிற்சி பெற்றவர்கள் இன்னும் வார்த்தை தேடிக்கொண்டிருந்தார்கள். உங்கள் அம்மாவிடம் எதுவும் சொல்லிக்கொடுக்காமல் முகரக் கொடுத்துப் பாருங்கள்.

பிறகு ஒரு சின்ன வாய். ஒரு டீஸ்பூன் அளவு போதும். உடனே விழுங்காமல் நாக்கின் மேல் பரவ விட்டு, உதட்டைச் சற்றே திறந்து கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். முதலில் வருவது இனிப்பு, ஒரு வழவழப்போடு. பூஞ்சை உண்டாக்கும் கிளிசராலுக்கும் அந்த வழவழப்பில் பங்கு உண்டு. இரண்டாவதாக, பக்கவாட்டில் புளிப்பு. விழுங்கிய பிறகு கடைசியாக ஒரு மெல்லிய கசப்பு, நார்த்தங்காயின் உள்தோலைக் கடித்த மாதிரி. வயதான நல்ல சோட்டெர்னில் இந்தக் கசப்பை நான் ஆவலோடு எதிர்பார்ப்பேன். இனிப்பைத் துடைத்து அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார் செய்வது அதுதான். இளம் ஒயினில் இனிப்பும் பழமும் முன்னால் நின்று இதை மறைத்துவிடும். இருபது வருஷம் காத்திருப்பதன் பலனே இதுதான் என்று நினைக்கிறேன். உள்ளே சர்க்கரை குறையவில்லை, ஆனாலும் நாக்குக்கு இனிப்பு குறைந்தாற்போல் தோன்றும். அந்த இடத்தில் வறுத்த மணமும் கசப்பும் வந்து உட்கார்ந்திருக்கும்.

விழுங்கிய பிறகு பேசாமல் இருங்கள். ருசி எத்தனை விநாடி நிற்கிறது என்று மனசுக்குள் எண்ணுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ஒரு அளவே வைத்திருக்கிறார்கள், ஒரு விநாடிக்கு ஒரு கோதாலி. சாதாரண ஒயின் ஐந்தாறு விநாடியில் மறைந்துவிடும். இந்தத் தரத்தில் உள்ளது அதைப் போலப் பல மடங்கு நேரம் நிற்க வேண்டும். இனிப்பு மட்டும் நின்றால் கணக்கில் சேர்க்காதீர்கள், மணமும் கூடவே நிற்கிறதா என்று பாருங்கள். பாதி கிளாஸை அப்படியே வைத்து அரை மணி கழித்து மறுபடி குடித்துப்பாருங்கள். சற்றுச் சூடேறியதும் முதலில் தெரியாத ஒன்றிரண்டு மணங்கள் வெளியே வரும்.

கெட்டிருந்தால் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க்கின் கோளாறு. காடி நெடியோ நகப்பூச்சு நெடியோ தூக்கலாக அடித்தால் ஒயின் புளித்துவிட்டது. மணமே இல்லாமல் வெறும் இனிப்புத் தண்ணீராக இருந்தால் சூட்டில் செத்துவிட்டது. நல்ல கிடங்கில் 12, 13 டிகிரியில் இது இன்னும் பல வருஷம் இருந்திருக்கும். நம் பெங்களூர், சென்னையையோ டெல்லியையோ விடக் குளுமைதான் என்றாலும், ஏப்ரல் மாத அலமாரி ஒயினுக்கு ஏற்ற இடம் இல்லை. ஆனாலும் இந்த வகை தாங்கும். சர்க்கரை, புளிப்பு, ஆல்கஹால், கொஞ்சம் கந்தக டை ஆக்சைடு எல்லாம் சேர்ந்து காக்கின்றன. 1811இல் விளைந்த ஒரு பாட்டில் திக்கெம் 2011இல் லண்டனில் 75,000 பவுண்டுக்கு விற்றது. உங்கள் பாட்டிலுக்கு மிச்சமிருக்கும் ஆயுளை அலமாரி கொஞ்சம் குறைத்திருக்கும். அதனால் அறுபதாவது கல்யாண நாள் வரை தள்ளிப்போடாமல் இப்போதே திறந்துவிடுங்கள்.

கூட என்ன வைப்பது? பிளம் கேக் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஒயினை விட இனிப்பான எதைச் சாப்பிட்டாலும் அடுத்த வாய் ஒயின் மெலிந்து, புளித்து, ஏழ்மையாகத் தெரியும். மைசூர் பாக், குலாப் ஜாமூன், கல்கல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ரம்மில் ஊறிய பழங்கள் போட்ட கேக்குக்கு இருபது வருஷ டானி போர்ட்டோ, ஸ்பெயினிலிருந்து வரும், கருப்பாகவே இருக்கும் பெத்ரோ ஹிமெனெஸ் ஷெர்ரி என்ற இனிப்பு ஒயினோ சரியான ஜோடி. சோட்டெர்னுக்கு உப்புதான் நண்பன். பிரான்ஸில் ரொக்ஃபோர் என்ற நீலப்பூசணச் சீஸோடு கொடுப்பார்கள், பெங்களூரின் பெரிய கடைகளில் ஏதாவது ஒரு புளூ சீஸ் கிடைக்கும். அந்த வாடை உங்கள் வீட்டில் யாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்றால் நெய்யில் வறுத்து உப்புத் தூவிய முந்திரி போதும், எனக்கே அதுதான் அதிகம் பிடிக்கும். இனிப்பு வேண்டுமென்றே ஆக வேண்டுமானால் அச்சு முறுக்கு. தேங்காய்ப் பாலும் முட்டையும் போட்டு, சர்க்கரை குறைத்துச் சுட்டால் ஒயினோடு மோதாது. பிரியாணியோடு பரிமாற வேண்டாம், மிளகாய்க் காரம் இந்த நுணுக்கங்களைத் தின்றுவிடும். பிரியாணி முடிந்து, தயிர் சாதமும் முடிந்து, வாயைக் கொப்பளித்து, கால் மணி கழித்துக் கொடுங்கள்.

அப்பா அம்மாவின் வயதை நினைத்து ஒரு வார்த்தை. 45 மில்லியில் ஆறு கிராம் சர்க்கரை இருக்கும், கூடவே ஆல்கஹால். சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஆல்கஹால் சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடவும் கூடும். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் கிளாஸை முகரக் கொடுங்கள். மூக்கு வழியாகவே பாதிக்கு மேல் கிடைத்துவிடும் ஒயின் இது.

இதற்கு முன் இந்த வகையைக் குடித்ததே இல்லை என்றால், விருந்துக்கு ஒரு வாரம் முன்பு நாசிக்கின் சூலா லேட் ஹார்வெஸ்ட் ஷெனின் பிளாங்க் ஒரு அரை பாட்டில் வாங்கி நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் குடித்துப்பாருங்கள். கொடியிலேயே அதிக நாள் விட்டுப் பறித்த திராட்சை, இளம் ஒயின், நேரடியான தேனும் பழமும். அதை மனசில் வைத்துக்கொண்டு ரியூசெக்கைக் குடித்தால் வயது என்ன சேர்க்கிறது என்பது பாடம் எடுக்காமலே விளங்கும். மிச்சம் இருந்தால் இரண்டையுமே கார்க்கால் மூடி ஃப்ரிட்ஜில் நிறுத்தி வைக்கலாம், நாலைந்து நாள் தாங்கும்.

அத்தான் மறுபடி வரும்போது என்ன வாங்கி வரச் சொல்லலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். விமானத்தில் வருபவர் ஒருவர் இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஹங்கேரியின் டோக்காய் அசூ நல்ல தேர்வு, அதுவும் இதே பூஞ்சையின் பிள்ளைதான், புளிப்பு இன்னும் கூர்மை. ஆறு புட்டோனியோஷ் என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 150 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை என்று அர்த்தம். ஆனால் உங்களிடம் இருப்பது அதே துணி அலமாரிதான் என்றால் மதெய்ரா வாங்கி வரச் சொல்லுங்கள், புவால் அல்லது மால்ம்சி என்ற இனிப்பு வகையா என்று லேபிளில் பார்த்து. அந்த ஒயினைச் செய்யும்போதே மாதக்கணக்கில், நல்ல ரகங்களை வருஷக்கணக்கில், வெதுவெதுப்பில் வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். கப்பலில் வெப்ப நாடுகளைச் சுற்றி வந்த பீப்பாய்களில் ருசி கூடியிருந்ததைப் பார்த்துத்தான் அந்த முறையே பிறந்தது. பெங்களூர் ஏப்ரல் அதை ஒன்றும் செய்யாது. திறந்த பிறகும் மாதக்கணக்கில் கெடாது. மற்ற ஒயின்களைப் போலப் படுக்க வைக்காமல் அதை மட்டும் நிமிர்த்தியே வையுங்கள்.